அரியலூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். அரசு வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாவட்டத் தலைநகர் என்கிறார்களே, வசதி எப்படி, பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறார். நான் அந்த ஊர்க்காரன், இன்னமும் வீடு அங்கேதான். பெருமையும் புலம்பலும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் மாவட்டத் தலைநகர் என்ற பெயரை வைத்து எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் எங்கள் நகராட்சியின் மக்கள்தொகை 30,000 கூட இல்லை. சென்னையின் ஒரு வார்டில் அவ்வளவு பேர் இருப்பார்கள். ஊரை நடந்தே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். வந்து சில வாரத்தில் மளிகைக்கடைக்காரருக்கு நீங்கள் எந்த ஆபீஸ், யார் வீட்டில் குடியிருக்கிறீர்கள், பையன் எத்தனையாவது படிக்கிறான் எல்லாம் தெரிந்திருக்கும். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும்.

மாவட்டம் ஆன கதையும் கொஞ்சம் வேடிக்கையானது. நாங்கள் முதலில் திருச்சி மாவட்டம். 1995ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001 ஜனவரியில் அரியலூரே தனி மாவட்டம். ஆட்சி மாறியது, 2002 மார்ச் கடைசியில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடி ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டம். என் வயதுக்காரர்கள் பலருடைய சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தால் ஒரே வீட்டு விலாசத்துக்கு மூன்று மாவட்டப் பெயர் இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் இதை விளக்கிச் சொல்லி எங்களுக்குப் பழகிவிட்டது.

அந்த நவம்பர் 23க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1956ல் அதே தேதியில்தான் வெள்ளத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 150 பேர் அளவில் இறந்துபோனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். இந்தியாவில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் அப்புறம் அரியலூர் பெயர் அடிபடுவது இதனால்தான்.

சரி, ஊருக்கு வருவோம். அரியலூரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கலெக்டர் ஆபீஸைப் பார்த்துப் பயனில்லை, தரைக்கு அடியில் பார்க்க வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில், இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சேறும்தான் இன்றைய சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தை ஒட்டிய மண்ணில் கல்லாகிப்போன சிப்பிகளைச் சின்னப் பிள்ளைகள்கூடக் காட்டுவார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1860களிலேயே பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஒரு பாறை அடுக்குத் தொகுதிக்கே அரியலூர் என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஜியாலஜி படித்தவரிடம் சொல்லிப் பாருங்கள், "அடடா, அரியலூரா!" என்பார். வாரணவாசியில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு நத்தைச் சுருள் மாதிரி கல்லாகிப்போன பழைய கடலுயிர்களான அம்மோனைட்டுகளைக் காட்ட அதுதான் இடம்.

அந்தக் கல்தான் சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. ஆலைகள் வேலை கொடுத்தன, லாரி வாங்கிப் பிழைத்தவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள் உண்டு. அந்தச் சாலைகளில் பைக் ஓட்டுவதென்றால் வீட்டில் பயப்படுவார்கள், காரணத்தோடுதான். தோண்டி முடித்த குழிகளில் மழைத்தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் கரிசலில் பருத்தியும் சோளமும் போட்ட நிலத்தை விற்றுவிட்டு அதே ஆலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாவட்டம் முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் செம்மண்ணில் முந்திரித் தோப்பு, திருமானூர்ப் பக்கம் போனால் கொள்ளிடக் கரையில் நெல்.

வசதிகளைக் கேட்டீர்கள். ரயில்தான் எங்கள் சொத்து. காலையில் பல்லவன் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை, வைகையும் நிற்கும். மருத்துவக் கல்லூரி 2022ல் திறந்தார்கள். அதற்கு முன்பு கொஞ்சம் பெரிய வியாதி என்றாலே தஞ்சாவூருக்கு ஓடுவோம், இப்போதும் சில சிகிச்சைகளுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கல்யாண ஜவுளி, நகை என்றால் திருச்சி அல்லது கும்பகோணம். வெயில் கடுமை. ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பாத்திரத்தில் வெள்ளை படியும்.

பொழுது போகுமா என்றால், மால் தேடுகிறவருக்குப் போகாது. கோயிலும் ஏரியும் பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதாது. ஊருக்குள்ளேயே கோதண்டராமசாமி கோயிலில் தூண்களில் இருக்கும் தசாவதாரச் சிற்பங்களைப் பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் அதைவிடப் பழுவூரைத்தான் முதலில் சொல்வேன். பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர், கீழையூரில் இருக்கும் இரட்டைக் கோயிலில் பல நாள் உங்களையும் புறாக்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மார்கழி, தையில் கரைவெட்டி ஏரிக்குப் போனால் வரித்தலை வாத்துகள் வந்திருக்கும். 2024ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக, அறிவித்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாளை விட்டுவிடாதீர்கள். அங்கே மூலவர் சிலை கிடையாது, கல் கம்பம்தான் பெருமாள். காணிக்கையாக முதல் விளைச்சல் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், மாடு, கன்றையும் ஓட்டி வந்து விடுவார்கள். ராமநவமியை ஒட்டி வரும் திருவிழாவில் எங்கிருந்துதான் இவ்வளவு ஜனம் வருகிறதோ என்று வருஷா வருஷம் எங்களுக்கே ஆச்சரியம். வேலைக்கென்று திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களை எல்லாம் அந்த நாட்களில்தான் ஊரில் பார்க்க முடியும்.

கடைசியாக வீடு விஷயம். கலெக்டர் ஆபீஸ் ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கிறது, அந்தப் பக்கம் பார்ப்பது உங்களுக்கு வசதி. புரோக்கர் எதையும் சொல்ல மாட்டார். நீங்களே ஒருமுறை பகலிலும், இன்னொருமுறை ராத்திரி பத்து மணிக்கு மேலும் போய் நின்று லாரிச் சத்தம் எவ்வளவு கேட்கிறதென்று பாருங்கள். மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரை விரலால் ஒரு தடவு தடவுங்கள். தூசி எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.