கூகுள் விளம்பரத்துக்குத் தனி லேண்டிங் பேஜ் போட்டால் சாதாரணத் தேடலில் எங்கள் தளம் கீழே போய்விடுமா?

விளம்பரம் கொடுப்பதால் கீழேயும் போகாது, மேலேயும் வராது. கூகுளே பலமுறை சொல்லிவிட்டது. விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் வந்து இறங்கும் அந்தப் பக்கத்தைப் போடுகிற விதத்தில்தான் அடி விழும். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் உங்கள் விளம்பர ஏஜென்சி ஏற்கெனவே பக்கம் போட்டுவிட்டது போலத் தெரிகிறது, அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ஹோட்டல்களுக்கு டில்டிங் கிரைண்டர் விற்கும் ஒருவருக்கு வெப்சைட் வேலை பார்க்கிறேன். எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை ஹெச்பி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, கல் கொத்த ஆள் வருவாரா என்று ஹோட்டல்காரர் கேட்கிற எல்லாவற்றுக்கும் அவருடைய மெயின் பக்கத்தில் பதில் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. தேடினால் முதல் பக்கத்திலேயே வரும்.

விளம்பரத்துக்கு வந்த ஏஜென்சி அதை நகல் எடுத்து, மெனுவைத் தூக்கிவிட்டு, மேலே பெரிதாக, போன் செய்வதற்கான 'கால்' பட்டன் வைத்தது. அதில் தப்பில்லை, விளம்பரப் பக்கம் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதையே ஈரோடு, திருப்பூர், சேலம், கரூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். இந்த மாதிரிப் பக்கங்களை கூகுள் 'டோர்வே' என்று ஸ்பேமில் சேர்க்கிறது. போதாததற்கு வேர்ட்பிரஸ் பிளகின் எல்லாவற்றையும், கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் ஏற்றிவிட்டது.

மெயின் பக்கம் தேடலில் காணாமல் போனது. தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அதன் முகவரியைப் போட்டுப் பார்த்தால், கூகுள் தேர்ந்தெடுத்த கனானிகல் (ஒரே மாதிரிப் பக்கங்களில் இதுதான் அசல் என்று எடுத்துக்கொள்ளும் பக்கம்) என்ற இடத்தில் ஈரோடு பக்கம் நிற்கிறது!

ஏஜென்சியிடம் சொன்னதும், எந்தப் பக்கத்தைப் படிக்கக் கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலில் அந்தப் பக்கங்களைத் தடுத்தார்கள். பலர் செய்யும் தப்பு இதுதான். கூகுளை உள்ளேயே விடாவிட்டால், 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று பக்கத்துக்குள் சொல்லும் நோஇண்டெக்ஸ் டேகை அது எப்படிப் படிக்கும்? தடையை எடுத்தேன். விளம்பரத்துக்கு ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு அதில் நோஇண்டெக்ஸ் போட்டேன், சைட்மேப்பிலிருந்தும் நீக்கினேன். ஊர்ப் பக்கங்களை, நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போட்டு மெயின் பக்கத்துக்குத் திருப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக மெயின் பக்கம் பழைய இடத்துக்கு வந்தது. நோஇண்டெக்ஸ் போட்டால் விளம்பரம் நிற்காது. விளம்பரப் பக்கத்தைச் சோதிக்க ஆட்ஸ்பாட் என்று கூகுளின் தனி பாட் (பக்கங்களைத் தானே படிக்கும் புரோகிராம்) வருகிறது.

கனானிகல் போட்டாலே போதுமே என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சரி, அதையே போடுங்கள். ஆனால் அது கூகுளுக்கு ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை. விளம்பரப் பக்கம் வேறு மாதிரி இருந்தால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். மெயின் பக்கமே நன்றாக விற்கிறது என்றால் தனிப் பக்கமே வேண்டாம், விளம்பரத்தை நேராக அங்கே விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளம்பரச் செலவில் சதவீதம் வாங்குகிற ஏஜென்சிக்கு, இலவசமாக வரும் அழைப்பு குறைந்தால் என்ன நஷ்டம்? அந்தக் கிரைண்டர்காரருக்குத் தேடலில் வந்த அழைப்புகளையும் விளம்பரத்தில் வந்ததாக ரிப்போர்ட்டில் காட்டியிருந்தார்கள். அவருடைய கூகுள் ஆட்ஸ் கணக்கும் ஏஜென்சியின் மெயிலில்தான் இருந்தது, விலகும்போது கொடுக்கவில்லை. அவர் முதலிலிருந்து புதுக் கணக்கு ஆரம்பித்தார். உங்கள் கூகுள் ஆட்ஸ் கணக்கில் அட்மின் உரிமை உங்கள் மெயிலுக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.