பட்டா நிலத்தில் ஒரு குகை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பெரம்பூரில் வசிக்கிறேன். செஞ்சிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விகக் கிராமத்தில், பாகப்பிரிவினையில் எனக்கு வந்த நாலரை ஏக்கர் மானாவாரி நிலத்தின் மேற்கு ஓரம் ஒரு கரட்டில் போய் முடிகிறது. சென்ற மாதம் அங்கே வேலிக்காத்தான் முள்ளை வெட்டியபோது, பாறைக்கு அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குகை வாய் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில் பதினைந்து அடி நேராகச் சென்று இடப்பக்கம் திரும்புகிறது. வௌவால் வாடை அடிக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சுரங்கப்பாதை இது என்று ஊரார் சொல்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் உள்ளே கிடக்கும் மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து, சிமெண்டுத் தரை போட்டு, விளக்குக்கு ஒயர் இழுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். உள்ளே சென்று பார்க்கும் முறை என்ன? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சுரங்கப்பாதையிலிருந்தே தொடங்கிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் கோட்டையோ பெரிய கோயிலோ உள்ள ஊரைச் சுற்றி எந்தப் பொந்து தெரிந்தாலும் இந்தக் கதை வந்துவிடுகிறது. உங்கள் பகுதிப் பாறையின் இயல்பைப் பார்த்தால் அதற்கு வாய்ப்பு இல்லை. செஞ்சிக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. பூமிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவான அந்தப் பாறை, மேலே இருந்த மண்ணும் கல்லும் அரித்துப் போனபின் சற்றே விரிந்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிளந்து, பிளவுகளின் வழியே மழைநீர் இறங்கி மூலைகளைத் தேய்க்கத் தேய்க்க, வண்டி வண்டியாகக் கொட்டி வைத்ததைப் போன்ற உருண்டைக் கற்களாகி நிற்கிறது. அந்தக் கற்களுக்கு இடையில் விழுந்த சந்துதான் உங்கள் குகை. ஆந்திரத்தின் பேலம் குகையைப் போல 3,229 மீட்டர் போக வேண்டுமானால் அது சுண்ணாம்புப் பாறையாக இருக்க வேண்டும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏந்திவரும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கரைத்து மைல் கணக்கில் வழி உண்டாக்கும். கருங்கல் அப்படிக் கரையாது. இடப்பக்கத் திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு பத்து, இருபது அடியில் உங்கள் குகை முடிந்துவிடலாம், அல்லது மேலே வானம் தெரியும் ஒரு விரிசலில் போய்ச் சேரலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் சிமெண்டுத் தரைதான். சந்துக் குகையின் கூரை என்பது ஒரு கல்லின் மேல் மற்றொரு கல் உட்கார்ந்திருப்பது. அடியில் எந்தச் சிறு கல் ஆப்புப் போல நின்று அதைத் தாங்குகிறது, எந்த மண் அந்த ஆப்பை நகராமல் பிடித்து வைத்திருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கூலிக்கு ஆள் வைத்து மூன்றடி மண்ணை அள்ளினால் என்ன ஆகும் என்பதை அள்ளி முடித்த பிறகே அறிந்துகொள்ள முடியும். ஆகவே மண்ணை அள்ள வேண்டாம், வாயை அகலப்படுத்துவதற்காகக் கல்லை உடைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. உங்கள் வட்டாரம் சாதாரண வட்டாரம் அன்று. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களும், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரிகரைப் பற்றிய கல்வெட்டும் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்வாலையில் பாறை மறைவில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், ஊராருக்கு வெறும் பாறைப் பொந்தாக இருந்த ஓர் இயற்கைக் குகையில்தான் 1981ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்ற ஒரே வரிதான். அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நீண்ட காலம் விவாதித்துக் கொண்டிருந்த கேள்விக்கு, அது தகடூர் அதியமான் மரபே என்று அந்த வரி விடை சொன்னது. பாளி என்றால் துறவியர் தங்கும் குகை.

உங்கள் குகையிலும் அப்படி இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. பெரும்பாலான பொந்துகளில் வௌவாலும் புழுதியும் தவிர வேறு ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்னால் சுத்தம் செய்துவிட்டால் பிறகு எப்போதும் தெரியாது. என் மாமனார் ஊரில் இப்படி ஒரு பாறை மறைவுக்குத் திருவிழாவை ஒட்டி நீல நிற எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்த நீலத்துக்கு அடியில் நான்கைந்து கோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. அவை எழுத்தா, உளி பட்ட தழும்பா என்று இனி யாராலும் சொல்ல இயலாது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, பக்தியோடு செய்த காரியம். தரை மண்ணும் அப்படித்தான். ஓவியம் வரைந்தவர்கள் அடுப்பு மூட்டிய கரித்துண்டும் உடைந்த பானை ஓடும் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்பதைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறார்கள். மண்வெட்டி அந்த அடுக்குகளைக் கலக்கிவிடும்.

ஆகவே முதலில் வாயில் நின்று பாருங்கள். குகையின் நெற்றியில், கூரை விளிம்பை ஒட்டி, விரற்கடை அகலத்துக்கு நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மழைநீர் பாறை வழியே உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காகத் துறவியர் குகைகளில் வெட்டிய நீர்வடி விளிம்பு அது. எழுத்துகள் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு முன்போ, மாலை நான்கு மணிக்குப் பின்போ வெயில் சாய்வாக விழும் நேரத்தில், இல்லாவிட்டால் டார்ச்சைப் பாறைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் நிழல் கட்டித் தெரியும். தண்ணீர் தெளிப்பது, சாக்கட்டி தேய்ப்பது இரண்டும் கூடாது. ஏதேனும் தென்பட்டால் அளவுக்கு ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எழும்பூர் ஆல்சு சாலையில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இயங்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெரம்பூரிலிருந்து அது அதிகத் தூரமில்லை.

நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற கவலை கடிதத்தில் இல்லையென்றாலும் மனத்தில் இருக்கும். அறிவிப்பதாலேயே பட்டா போய்விடாது. அரசு முறைப்படி அறிவிக்கை செய்தால்தான் ஓர் இடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகும். ஆனால் மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சின்னம் அறிவிக்கப்பட்டுவிட்டால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடையும், அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி பெறும் கட்டாயமும் உண்டு. அந்தப் பக்கம் பண்ணை வீடு கட்டும் யோசனை இருந்தால் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தக் குகை உங்களுடையதுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கரட்டோரம் முடியும் நிலங்களில் பெரும்பாலும் பட்டா எல்லை பாறைக்கு முன்பே நின்றுவிடும். பாறை, கல்லாங்குத்து, மலை என்று ஏதாவது ஒரு புறம்போக்கு வகைப்பாட்டில் மீதி அரசுக்குச் சேர்ந்திருக்கும். உங்கள் புல எண்ணின் புலப்படத்தையும், பக்கத்துப் புல எண்ணுக்குக் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பார்த்து, சந்தேகம் இருந்தால் நில அளவரை அழைத்து அளந்துகொள்ளுங்கள். குகையின் வாய் உங்களுடையதாகவும் வயிறு அரசினுடையதாகவும் இருக்கக்கூடும். ஆடி வெள்ளியில் யாராவது அங்கே விளக்கேற்றி வந்தார்களா என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டாவில் இல்லாத வழக்கங்கள் பூட்டுப் போட்ட மறுநாள்தான் வெளியே வரும்.

இனி உள்ளே நுழைவது. முதல் நாள் நுழையவே வேண்டாம். அந்தி சாயும் நேரத்தில் இருபது அடி தள்ளி, பேசாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எவ்வளவு வௌவால்கள் வெளியேறுகின்றன என்று எண்ணுங்கள். கிளம்பும்போது சலித்த அடுப்புச் சாம்பலை வாய்ப்பகுதியில் மெல்லிதாகத் தூவிவிட்டு, காலையில் சென்று தடம் பாருங்கள். முள்ளம்பன்றியா, கீரிப்பிள்ளையா, பாம்பு ஊர்ந்த கோடா என்று சாம்பல் சொல்லிவிடும். கூரை விளிம்பில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பருவம் முழுவதும் குகையை மறந்துவிடுவதே புத்திசாலித்தனம். வௌவால்கள் குட்டிகளோடு இருந்தால் அவற்றைக் கலைக்கக் கூடாது. பூச்சிகளைத் தின்று உங்கள் மணிலாப் பயிருக்குச் செய்யும் உதவிக்கு அவை கூலி கேட்பதில்லை. புகை மூட்டி விரட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

நாள் குறித்து நுழையும்போது குறைந்தது மூன்று பேர் செல்லுங்கள். நான்காவது ஒருவர் வெளியே இருக்கட்டும். இத்தனை மணிக்குள் நாங்கள் வராவிட்டால் 112ஐ அழை என்று அவரிடம் நேரம் குறித்துச் சொல்லிவிடுங்கள். ஆளுக்குக் குறைந்தது இரண்டு விளக்குகள், அவற்றில் ஒன்று தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கு. கைகள் இரண்டும் பாறையைப் பிடிக்க வேண்டும். ஹெல்மெட், முழங்கால் மூடிய உடை, கணுக்கால் மூடிய காலணி. உலர்ந்த வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும் என்பதால் என்-95 முகக்கவசம் அவசியம். கையை எதிலும் பார்க்காமல் வைக்காதீர்கள்.

காற்றைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம், ஆனால் அதை முழுவதும் நம்பக் கூடாது. காற்றில் இயல்பாக ஏறத்தாழ 21 சதவீதம் பிராணவாயு இருக்கிறது, 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று கணக்கு. மெழுகுவத்தியோ 16, 17 சதவீதம் வரையில் எரிந்துகொண்டிருக்கும். சுடர் எரிகிறது என்பதால் மூச்சு விடலாம் என்று ஆகாது. மேலே விரிசல் உள்ள சந்துக் குகைகளில் பொதுவாகக் காற்றோட்டம் இருக்கும், ஆனால் தரை கீழ்நோக்கி இறங்கும் குழியில் கரியமில வாயு தேங்கி நிற்கலாம். தலை கனத்தாலோ, வேலை ஏதும் செய்யாமலே மூச்சு வாங்கினாலோ அந்த நொடியே திரும்பி வெளியேறுங்கள். விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தடுத்து விழுந்தவர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் நுழைந்தபின் பெய்த மழை வழியை அடைத்ததும், ஜூலை 10இல்தான் கடைசிச் சிறுவன் வெளியே வந்ததும், அதற்கிடையில் முன்னாள் கடற்படை நீச்சல் வீரர் ஒருவர் உயிரிழந்ததும் நினைவிருக்கும். அது சுண்ணாம்புக் குகை. உங்கள் குகையில் அப்படி வெள்ளம் சூழாது, ஆனால் நனைந்த மண்ணில் ஆப்புக் கல் நெகிழும்.

பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வாயில் வரை வரட்டும். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். வாயை அடைக்க விரும்பினால் சுவர் எழுப்பாமல், சுமார் 15 செண்டிமீட்டர் இடைவெளி விட்ட கிடைமட்டக் கம்பிகள் கொண்ட கதவு போதும். வௌவால் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. ஒயர் வேண்டாம்.

கேள்வி: சொந்த நிலத்தில் உள்ள குகையிலோ பொந்திலோ பழைய காசு, நகை கிடைத்தால் நிலத்துக்காரருக்குச் சொந்தம்தானே?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆம், பத்து ரூபாய்தான். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பொருளைப் புளி போட்டுத் துலக்காமல், கிடந்த இடத்தையும் நாளையும் குறித்து வைத்துத் தெரிவியுங்கள்.

கேள்வி: சென்னைக்கு அருகில் இயற்கையான குகை எதுவும் உண்டா? மாமல்லபுரம் பார்த்தாயிற்று.
— ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: மாமல்லபுரத்தில் உள்ளவை உளியால் குடைந்தவை. இயற்கையானது வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டியைத் தாண்டி, குடியம் குகைகளுக்குச் செல்லுங்கள். 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. பழைய கற்கால மனிதர்கள் பயன்படுத்திய பாறை மறைவுகள் அவை. ஊரிலிருந்து முள்காட்டு வழியே நடக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போல, கூரை முழுவதும் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். நான் போன அன்று அவற்றில் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், ஆற்றில் உருண்ட கல்லின் வழவழப்பு அப்படியே இருந்தது. இந்த வகைக் கல்லைச் சில்லு சில்லாகத் தட்டித்தான் கைக்கோடரி செய்தார்கள். உங்கள் பல்லாவரத்தில் 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்ததும் அத்தகைய ஒரு கற்கருவியே. கூரை விளிம்பில் பெரிய தேனடைகள் தொங்குவதால் சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் காலடியில் கிடக்கும் கற்களைப் பார்க்கும் கண் மாறியிருக்கும். எடுத்துவர மட்டும் வேண்டாம்.