அரிதாரம் கலையட்டும்

கேள்வி: சித்திரை மாதக் கோயில் கொடைவிழாவுக்கு எங்கள் ஊரில் வள்ளி திருமணம் நாடகம் போட்டார்கள். முருகனாக வந்தவர் வள்ளியோடு செய்த தர்க்கத்தில் மலைத்துப்போனேன். விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், "முருகா, எனக்காக ஒரு பாட்டு" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாராட்டப் போனது தவறா?
- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், விளாத்திகுளம்

பதில்: போனதில் தவறில்லை. பாட்டுக் கேட்டதுதான் தவறு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வேலனாக, வேடனாக, கிழவனாக மாறி மாறிக் கத்திய தொண்டை அது. அன்று இரவே வேறு ஊரில் வேறு மேடை இருக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையும் கிடையாது. நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். வள்ளியும் முருகனும் அன்று மாலைதான் முதன்முதலாக முகம் பார்த்திருக்கலாம். நீங்கள் மலைத்துப்போன தர்க்கத்தில் பாதி, எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாமலே அந்த நேரத்தில் பிறந்தது. அதை முடித்துவிட்டு வந்தவரை மறுபடியும் "முருகா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பு எங்கே இருக்கும்?

எனக்குப் பதினோரு வயது இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அரிச்சந்திர மயான காண்டம். சுடுகாடு காக்கும் அரிச்சந்திரன், தன் மகன் லோகிதாசனை எரிக்க வந்த சொந்த மனைவியிடமே கூலி கேட்கும் கதை. லோகிதாசன் பாம்பு கடித்து இறந்ததற்கு நான் அழுத அழுகையில் சட்டைக் கை நனைந்துவிட்டது. விடியற்காலையில் அப்பா கையைப் பிடித்து ஓலைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே செத்துப்போன லோகிதாசன் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அரிச்சந்திரன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி முழுக்க மஞ்சளும் கறுப்பும். முகம் மனித நிறத்துக்கு வந்த பிறகும் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் அரிதாரம் மிச்சம் இருந்தது. அதுவரை அப்பா வாயே திறக்கவில்லை. கருப்பட்டிக் காப்பி வாங்கிவரச் சொல்லி, அவர் அதைக் குடித்த பிறகுதான் பேசினார்: "அண்ணாச்சி, கால் பணமும் முழத்துண்டும் கேட்கிற இடத்தில் எல்லாரும் அதட்டுவார்கள். நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள். என் வீட்டுக்காரி அங்கேதான் எழுந்து போய்விட்டாள்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அதைக் கவனித்தீர்களா?" என்றார். பிறகு, திருநெல்வேலிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"பிரமாதம்", "அருமை" என்பதையெல்லாம் அவர்கள் ஒரு கொடைக்கு நூறு தடவை கேட்டிருப்பார்கள். எந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்தது என்று சொல்லுங்கள். அதுவும் வேடம் கலைந்த பிறகு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடகக்காரர்கள் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். இந்த மண்ணில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ல் பிறந்தவர் அவர். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனாராம். துணி வெளுக்க வந்த பெண் அந்தக் கோலத்தைக் கண்டு பயந்து உயிரையே விட்டுவிட்டாளாம். அதன்பிறகு அவர் நடிப்பதை விட்டு, எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் இறங்கிவிட்டார் என்பார்கள். அரைகுறை வேடத்தில் இருப்பவரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கேள்வி: நடிகர்களுக்கு அன்பளிப்பை மேடையிலேயே கொடுக்கலாமா, நாடகம் முடிந்த பிறகா?
- ஒரு வாசகர், எட்டயபுரம்

பதில்: வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடும்போது நீங்கள் நோட்டும் ஊக்குமாக மேடை ஏறினால், அவள் பாட்டை நிறுத்திவிட்டு உங்கள் பெயரையும் தாத்தா பெயரையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் பலர் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பின்னால் போய்க் கையில் கொடுங்கள். ஸ்திரீபார்ட்டுக்கு என்றால் உங்கள் மனைவியோ அக்காவோ கொடுக்கட்டும். ராத்திரி வேலைக்கு வரும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து. பெண் வேடம் கட்டி ஆடியவரிடம் பேச ஆசை. எப்படிக் கூப்பிடுவது?
- கல்லூரி மாணவி, நாங்குநேரி

பதில்: அவரும் அண்ணாச்சிதான், தாயே. பாடுகிறவரை மட்டும் அண்ணாவி என்று கூப்பிடு. இடைவேளையில் மகுடம் என்ற தோல்பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தீக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். பேச்சை அவர்களே தொடங்குவார்கள்.