மலையேறினால் காயம் ஆறுமா?

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் லண்டன் கிளை நண்பர் ஒருவர், போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டுவதற்காகக் கிளிமஞ்சாரோ ஏறப்போகிறார். நன்கொடை கேட்டு மெயில் அனுப்பியிருந்தார். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இவர் மலையேறினால் அங்கே அவர்களுக்குக் காயம் ஆறுமா? போகிற செலவை நேராக அவர்களுக்கே கொடுத்திருக்கலாமே" என்றார். இரண்டு காலும் இல்லாத கூர்க்கா வீரர் ஒருவர் எவரெஸ்ட் ஏறிய செய்தியைக் காட்டினேன். "பாவம், இந்த உடம்போடு எதற்கு இந்தப் பாடு?" என்றார். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பணியில் இருந்தவரை வருடா வருடம் கொடிநாள் வசூலை முன்னின்று நடத்தியவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன். "பாவம்" என்று சொன்னாரே, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நீங்கள் காட்டிய செய்தியில் இருப்பவர் ஹரி புதா மகர். நேபாளத்தின் ரோல்பா மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமத்தில் 1979-ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 17 அன்று ஆப்கானிஸ்தானில் ரோந்து போகையில் மண்ணில் புதைத்திருந்த குண்டு வெடித்தது. இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே போய்விட்டன. அவர் வளர்ந்த ஊரில் ஊனம் என்றால் போன பிறவிப் பாவம், பூமிக்குப் பாரம். அவரும் அதை நம்பித்தான் வளர்ந்தார். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைத்ததையும், குடியில் விழுந்ததையும், சாக நினைத்ததையும் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

'முழங்காலுக்கு மேலே' என்பதை அப்பாவுக்குக் கொஞ்சம் விளக்குங்கள். நியூசிலாந்தின் மார்க் இங்லிஸ் 2006-ல் இரண்டு செயற்கைக் கால்களுடன் எவரெஸ்ட் ஏறினார். மகத்தான காரியம். ஆனால் அவருக்கு முழங்கால்கள் இருந்தன. முழங்கால் இருந்தால் காலை மடக்கித் தூக்கிப் படி வைக்கலாம், பனிச்சுவரில் முன்காலை உதைத்து ஊன்றலாம். முழங்காலும் கணுக்காலும் இல்லாதவர் ஒவ்வோர் அடியையும் இடுப்பிலிருந்து வீசி எடுத்து வைக்கவேண்டும். கைகளால் கயிற்றில் உடம்பையே இழுக்கவேண்டும். சில இடங்களில் தவழவேண்டும். ஹரி குட்டையான செயற்கைக் கால்களில் இரும்பு முட்கள் பொருத்திக்கொண்டுதான் பனியில் நடந்தார். காலின் தோல்பரப்பு இல்லாததால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறாது, உழைக்கும்போது வியர்த்துக் கொட்டும். நின்றால் அந்த வியர்வையே குளிர்ந்து பகையாகிவிடும்.

2017 டிசம்பரில் நேபாள அரசு, பார்வையற்றவர்களும் இரண்டு கால்களை இழந்தவர்களும் எவரெஸ்ட் ஏறக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. மலையில் சாவுகளைக் குறைப்பது நோக்கம். நல்லெண்ணம்தான், உங்கள் அப்பாவுடையதைப் போலவே. ஹரி அடுத்த ஆண்டே ஏறுவதாக இருந்தவர். விதியை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2018-ல் நேபாள உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பிறகு கொரோனா வந்தது. கடைசியில் 2023 மே 19 அன்று 8,849 மீட்டர் உயரத்தில் அவர் நின்றார். முழங்காலுக்கு மேல் இரு கால்களும் இல்லாத ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை. காயம்பட்ட வீரர்களுக்கு உதவும் அமைப்புகளுக்காக நிதி திரட்டியபடிதான் ஏறினார். அவரும் காயம்பட்டவர், ஆனால் அங்கே அவர் கொடுக்கிறவர்.

இதை எழுதும்போது எங்கள் தெருவில் இருந்த பட்டாளத்துத் தாத்தா நினைவுக்கு வருகிறார். ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரிக்குப் போன ஊர்கள் நிறைய. இவர் 1971 போரில் வலது காலை இழந்தவர். பென்ஷன் வந்தது, குறை ஒன்றும் சொன்னதில்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். தேர் அன்று கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து வடத்தில் கை வைப்பார். உடனே நாலு பேர் ஓடிவந்து, "நீங்க உக்காருங்க மாமா, நாங்க பாத்துக்கறோம்" என்று கோயில் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். யாரும் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அவர் தேரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஊரில் அவருக்கு மரியாதை கிடைத்தது. வடம் கிடைக்கவில்லை. ஹரிக்குக் கிடைத்தது வடம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி பணம். மலையேறினால் காயம் ஆறாது, அப்பா சொன்னது சரி. அந்தக் காயம் எதனாலும் முழுதாக ஆறுகிறதில்லை என்பதால்தான் பணம் தேவைப்படுகிறது. ஆப்கான் போரில் ரத்தம் வெளியேறாமல் காலை இறுக்கிக் கட்டும் பட்டை வீரர்களின் கையிலேயே இருந்தது. மருத்துவர்கள் ஹெலிகாப்டரில் போர்க்களத்துக்கே வந்தார்கள். முந்தைய போர்களில் அந்த இடத்திலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். இரண்டு கால்கள், சிலருக்குக் கையும் போய், இருபது இருபத்தைந்து வயதில் வீடு திரும்பினார்கள். மிச்சமிருக்கும் தொடை சுருங்கும், எடை கூடினால் பெருக்கும். அதைப் பொருத்தும் சாக்கெட்டைத் திரும்பத் திரும்ப மாற்றவேண்டும். ஐம்பது, அறுபது வருடத்துக்கு. பிரிட்டிஷ் படைகளின் போர்ப்பணி அங்கே 2014-லேயே முடிந்துவிட்டது. போர் செய்தியில் இருக்கும்வரை பணம் வரும். பிறகு வேறு செய்தி வந்துவிடும்.

யாராவது மலையேறினால் மறுபடி பேச்சு எழுகிறது. மகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு தாய் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொள்கிறாள். வழியில் மோர் கொடுக்கிறவர்கள் "யாருக்கும்மா நேர்ந்துகிட்டே?" என்று கேட்கிறார்கள். அவள் மகன் பேரைச் சொல்கிறாள். தாராபுரத்திலும் சொல்கிறாள், அடுத்த ஊரிலும் சொல்கிறாள். பஸ்ஸில் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் நண்பரின் மெயிலால்தான் கோவையில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீரர்களைப் பற்றிய பேச்சு வந்தது.

ஆனால் எல்லா மலையேற்றத்தையும் நான் ஆதரிக்கமாட்டேன். பயணச் செலவையும் நன்கொடையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு. அது எனக்கு ஒப்பாது. நண்பரிடம் தயங்காமல் கேளுங்கள்: விமானச் செலவும் வழிகாட்டிச் செலவும் யாருடையது? கிளிமஞ்சாரோவில் கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் தலையில் சுமந்து முன்னால் போகிற தான்சானியச் சுமைகாரர்களுக்கு என்ன கூலி? நேர்மையானவர் என்றால் இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார், கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

சுமைகாரர்களை ஏன் இழுக்கிறேன் என்றால், 2012-ல் நடந்த ஒன்று. 'வாக்கிங் வித் தி வூண்டட்' என்று பிரிட்டனில் ஓர் அமைப்பு. 2010-ல் தொடங்கியது, மறு வருடமே காயம்பட்ட நால்வர் வட துருவத்துக்கு நடந்தார்கள். 2012-ல் காயம்பட்ட வீரர்களின் அணி ஒன்று எவரெஸ்டுக்குப் போனது. நிதி வந்துகொண்டிருந்தது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் மலை வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது, கல்லும் பனியும் உருண்டபடி இருந்தன. பயணத்தை நடத்திய ரஸ்ஸல் பிரைஸ், ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவிக்கு மேலே எவரெஸ்டின் மேற்குத் தோளில் தொங்கிய பனிப்பாறைகளைப் பார்த்து, எல்லாரும் இறங்கிவிடலாம் என்றார். அந்தப் பாறைகளுக்குக் கீழே சுமையோடு திரும்பத் திரும்பப் போய் வருகிறவர்கள் ஷெர்பாக்கள், மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டவும் சுமை தூக்கவும் செய்யும் நேபாள மலைவாசிகள். வீரர்கள் உச்சியைத் தொடாமலே ஊர் திரும்பினார்கள்.

2014 ஏப்ரல் 18 அன்று அதே மேற்குத் தோளிலிருந்து பனி சரிந்தது. வாடிக்கையாளர்களுக்காகப் பாதை போடவும் சுமை கொண்டுபோகவும் விடியற்காலையில் போன நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் இறந்தார்கள். குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அரசு முதலில் அறிவித்தது. ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் பருவத்தில் நேபாளத்தின் தெற்குப் பக்கம் ஏற்றமே ஏறக்குறைய நின்றுபோனது.

காயம்பட்டவர்களுக்காக ஏறுகிற மலையில் இன்னொருவனைக் காயப்படுத்தாமல் திரும்பிய அந்த 2012 அணிதான் எனக்கு எல்லாவற்றையும்விட உயர்வாகத் தெரிகிறது. காயம் என்றால் என்னவென்று அறிந்தவர்கள் அவர்கள். நண்பர் உச்சிக்குப் போகாமல் திரும்பினாலும் நீங்கள் கொடுத்தது கொடுத்ததுதான் என்று இப்போதே அவருக்கு எழுதிவிடுங்கள். போதிய மூச்சில்லாமல் நிற்கிற இடத்தில் அந்த வரி அவருக்குப் பயன்படும்.

அப்பாவின் கொடிநாளைப் பற்றி ஒரு சொல். படைவீரர்களுக்காக நிதி திரட்டும் அந்த நாள், 1949 முதல் டிசம்பர் 7. உண்டியலையும் குண்டூசி குத்திய காகிதக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு நாங்களும் தெருத் தெருவாகப் போயிருக்கிறோம். முதல் கொடி பட்டாளத்துத் தாத்தாவின் சட்டையில் குத்துவது வழக்கம். அவரிடம் மட்டும் காசு வாங்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வருடம் அவர் இரண்டு ரூபாய்த் தாளை நீட்டினார். "இது உங்களுக்காகத்தான் தாத்தா வசூல் பண்றோம், நீங்க குடுக்கக் கூடாது" என்று நான்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. என் கையிலிருந்த உண்டியலைத் தன் பக்கம் இழுத்து, தாளை நாலாக மடித்து, அந்தச் சின்னத் துளைக்குள் விரலால் தள்ளித் தள்ளி உள்ளே போட்டுவிட்டுத்தான் உண்டியலை விட்டார்.