உலகக் கண்காட்சியில் நம் கோயில் விமானம்

அன்புள்ள ஐயா,

2010-இல் ஷாங்காய் உலகக் கண்காட்சியில் இந்திய அரங்கம் சாஞ்சி ஸ்தூபியின் சாயலில் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் அப்படி நாட்டின் முகமாக நிற்பது எப்போது? நாம் குரல் எழுப்ப வேண்டாமா?

கட்டடக்கலை மாணவர், கும்பகோணம்

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. சில மாதங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வடக்கு, தெற்கு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஆறே மாதத்தில் முடிந்துவிடும் கண்காட்சியில் விமானத்தின் உருவத்தை ஏற்றிவைப்பதால் ராஜராஜனுக்கு ஒரு பெருமையும் சேராது. கருங்கல்லைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கோட்டுருவம் என்பதைக் கட்டடக்கலை படிக்கும் நீங்களே உணராவிட்டால் வேறு யார் உணர்வது?

கூப்பிடு தூரத்தில் சுவாமிமலை இருக்கிறதே, ஒருமுறையாவது பட்டறைக்குள் போயிருக்கிறீர்களா? சிறுவயதில் அங்கே ஒரு பெரியவர், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த அம்மன் உருவத்தின் மேல் காவிரி வண்டலைக் குழைத்து விரலால் பூசுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அம்மனின் நகக்கண்கூட மண்ணில் பதியும். அத்தனை நைசான மண். மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதே அச்சில் இன்னொன்று பிறக்காது.

2023-இல் ஜி20 மாநாட்டையொட்டித் தில்லி பிரகதி மைதானத்தில் நிறுவப்பட்ட 27 அடி நடராசரும் சுவாமிமலையில் இப்படி மெழுகு வார்ப்பில் உருவானவர்தான். மனம் நிறைந்தது. ஆனால் அதே மைதானத்தில் நாம் இடித்துத் தள்ளியதை என்னால் மறக்க முடியவில்லை.

சுதந்திர வெள்ளிவிழா ஆண்டான 1972-இல், பன்னாட்டு வணிகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜின் பொறியியலில் எழுந்தது 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்ற கண்காட்சிக் கூடம். இரும்பில் எழ வேண்டிய சட்டகத்தை, இரும்பு அரிதாக இருந்த காலமாதலால், கான்கிரீட்டில், அதுவும் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே வார்த்தார்கள். உள்ளே தூணே கிடையாது. கவனியுங்கள், அதுவும் வார்ப்புதான். தாமரையோ கோபுரமோ ஸ்தூபியோ அதில் இல்லை. ஆயினும் கையில் இருந்ததைக் கொண்டு, இருந்த கைகளைக் கொண்டு ஓர் ஏழை நாடு உலகத்தின் முன் நிமிர்ந்து நின்ற விதம், அதன் கான்கிரீட் சட்டங்கள் வந்து கூடும் ஒவ்வொரு முடிச்சிலும் இருந்தது. அறுபது ஆண்டு ஆகாததால் பாரம்பரியச் சின்னமாகக் கருதப்படாமல், 2017 ஏப்ரலில், நாற்பத்தைந்தாவது வயதில் அது தரைமட்டமானது. அன்று நாம் எழுப்பாத குரலை இப்போது விமானத்துக்காக எழுப்பச் சொல்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. அதன் வரைபடங்களைத் தேடி எடுத்து, சட்டங்கள் வந்து கூடும் ஒரு முடிச்சையாவது உங்கள் கையால் வரைந்து எனக்கு அனுப்புங்கள்.