ஆதாரமும் அம்மாவின் கொப்பியும்

அன்புள்ள ரீச்சர்,

நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊரில் எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தும் வருகிறேன். போன மாதம் என் அறை நண்பன், இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததற்கே சரித்திர ஆதாரம் இல்லை என்றான். அவனோடு வாதாடத்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் இயேசுவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று கண்டதும் சந்தோசம். பிறகு பார்த்தால், அந்தப் பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்களாம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லையாம். ஆதாரம் 80 வீதம் இருந்தால் மிச்சம் 20 வீதத்தை விசுவாசத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த 80 எங்கே என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "கேள்வி கேக்காத, விசுவாசி" என்று அழுதார். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை பிள்ளைகளுக்குச் சந்தேகப்பட்ட சீஷன் தோமாவின் பாடம். இந்த நிலையில் இருக்கிற நான் அதைப் படிப்பிக்கலாமா, விலகிவிடவா?

பெயர் வேண்டாம், ரீச்சர்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமையாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் என் அம்மாவின் கொப்பி ஒன்றுதான் நினைவில் வந்து நிற்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஜோசீபஸிடம் பிறகு வரலாம்.

1990இல் ஊரெல்லாம் இடம்பெயர்ந்து கிடந்த நேரம். நாங்கள் தங்கியிருந்த இடத்தில் வைத்து என் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்போது 22 வயது. யார் ஏற்றினார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவும் நானும் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் கண்ணால் காணவில்லை. அடுத்த நாளே அம்மா ஒரு சீ.ஆர். கொப்பி தேடி எடுத்தார். கண்டவர் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் அவரிடம் போய், அவர் சொல்வதைத் திகதி போட்டு எழுதிக்கொள்வார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அப்படி விசாரிக்கிற ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. "நீ எங்க நிண்ட? அவன் உன்னப் பாத்தவனா? என்ன உடுத்திருந்தான்?"

மூன்று பேருடைய பேச்சுத்தான் முக்கியமானது. ஒருவர் ஜீப் என்றார், இன்னொருவர் லொறி என்றார். காலை ஒன்பது மணி என்றார் ஒருவர், மத்தியானம் என்றார் மற்றவர். எனக்கு வெறுத்துப்போனது. இதையெல்லாம் எப்படி நம்புவது என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "மூணு பேரும் அச்சடிச்ச மாதிரிச் சொல்லியிருந்தா, மறுகா நான் ஒருத்தனையும் நம்பியிருக்க மாட்டன் புள்ள. கூடிக் கதைச்சுப்போட்டு வந்திருப்பாங்க" என்றார்.

மூன்றாவது ஆள் ஒரு பொடியன். பதின்மூன்று வயது இருக்கும். எல்லாம் சொல்லி முடித்து எழும்பும்போது, நாங்கள் கேட்காமலே, "அண்ணன்ட ஒரு செருப்புல ஊக்கு குத்தியிருந்திச்சு" என்றான். அன்று காலை அறுந்துபோன வாரில், தன் சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொடுத்தது அம்மா. அது எங்கள் மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த விசயம். அம்மா பேனையை வைத்துவிட்டார். கொப்பியில் அந்த வரி பாதியில் நிற்கிறது. அடுத்த வரி வேறு மையில் தொடங்குகிறது.

2004இல் கல்லடி வீட்டுக்குள் கடல் வந்து போன பிறகு மிஞ்சிய சாமான்களில் அந்தக் கொப்பியும் ஒன்று. மை கரைந்து போன பக்கங்களை நான் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். எழுதும்போது ஓரிடத்தில், "அண்ணன் ஒருத்தருக்கும் கெடுதி நினைக்காதவர்" என்று என் பாட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். சாட்சி சொன்ன யாரும் அப்படிச் சொல்லவில்லை. பாசத்தில் செய்தது. செய்திருக்கக் கூடாது. நாளைக்கு யாராவது அதைக் கண்டுபிடித்து, "இது கை வைத்த கொப்பி" என்று சொல்லலாம். அந்த வரி அளவில் அது உண்மைதான். ஆனால் அதற்காகச் செருப்பில் குத்திய ஊக்கு பொய்யாகிவிடுமா?

இனி ஜோசீபஸுக்கு வாருங்கள். அவர் தன் பெரிய வரலாற்று நூலை எழுதி முடித்தது கி.பி. 93 அளவில். அதன் 18ஆம் புத்தகத்தில் "அவர் கிறிஸ்துவாயிருந்தார்" என்று வருகிறது. யூதராகவே இருந்த ஒருவர் அப்படி எழுதியிருக்க முடியாது. பிரதியெடுத்த யாரோ ஒரு கிறிஸ்தவர் பக்தியில் சேர்த்த வார்த்தை அது. பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டிய ஆண்டவரா நம்முடையவர் என்று எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வரும். பிறகு என் கொப்பியை நினைத்துக்கொள்வேன். நீங்கள் பார்க்க வேண்டியது 20ஆம் புத்தகத்தை. பிரதான ஆசாரியனாயிருந்த இளைய அன்னா, "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபை" கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தான் என்று போகிற போக்கில் அங்கே ஒரு வசனம் இருக்கிறது. சம்பவம் நடந்தது கி.பி. 62இல். பக்தன் ஒருவன் சேர்த்திருந்தால் "கிறிஸ்து எனப்பட்ட" என்று ஒதுங்கி நின்று எழுதியிருக்க மாட்டான். அதனால்தான் இந்த இடத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் ஜோசீபஸ் எழுதியதாகவே ஏற்கிறார்கள். கி.பி. 116 அளவில் எழுதிய உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. அப்படிப்பட்டவரே, உரோமப் பேரரசன் திபேரியுவின் காலத்தில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961இல் செசரியாவில் கிடைத்தது. உங்கள் நண்பனுக்கு இவ்வளவு போதும். இயேசு வாழ்ந்தார், சிலுவையில் அறையப்பட்டார் என்பதைச் சபைப் பக்கமே போகாத வரலாற்றாசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் எனக்கு டாசிட்டஸைவிடப் பெரியது இன்னொன்று. மாற்கு 15:21ஐ எடுத்துப் பாருங்கள். சிலுவையைச் சுமக்கப் பிடித்த சீமோன் யாரென்று சொல்லும்போது, "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று எழுதுகிறார். அந்த இரண்டு பெயரும் கதைக்குத் தேவையே இல்லை. அந்தப் பொடியன்மார் இரண்டு பேரையும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது நிரூபணம் அல்ல. ஆனால் அந்த வசனத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஊக்குத்தான் தெரியும்.

இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களும் அப்படித்தான். அவர் உயிர்த்தார் என்று அவர்கள் வந்து சொன்னது சீஷர்களுக்கு "வீண்பேச்சாகத்" தோன்றியது என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெண்ணின் சாட்சியைப் பெரிதாக எடுக்காத காலம் அது. கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாக மகதலேனா மரியாளையா நிறுத்துவான்? அம்மாவோடு நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில், அம்மா சொல்லச் சொல்ல எழுதாமல் பேனையை உருட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். அதனால் அந்த வசனம் எனக்கு வெறும் வசனமாக இல்லை.

காலம் போய்விட்டதே என்பீர்கள். உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் யார் யாரென்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது கி.பி. 54 அளவில். சிலுவைக்குப் பிறகு 20, 25 வருடம்தான். அதற்கும் முன்பே, பேதுருவைக் காண எருசலேமுக்குப் போய் 15 நாள் தங்கியதாகக் கலாத்தியரில் சொல்கிறார். ஆண்டவருடைய சகோதரன் யாக்கோபையும் கண்டேன் என்கிறார். ஜோசீபஸ் சொன்ன அதே யாக்கோபு. அண்ணன் போய் முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் பொடியன் எழும்பி நின்ற இடத்தை நான் இப்போதும் காட்டுவேன்.

ஒரு வாதத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டாம். "அப்போஸ்தலர்கள் உயிரைக் கொடுத்தார்கள், ஆகவே அது உண்மை" என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்து அத்தனை பிள்ளைகளைக் கொன்றவனும் தன் நம்பிக்கைக்காகத்தான் செத்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒருவன் செத்தால், அவன் நம்பினான் என்பது மட்டும்தான் தெரியவரும். பேதுருவும் மற்றவர்களும் கேள்விப்பட்டதை அல்ல, தாங்களே கண்டதாகச் சொன்னார்கள். ஆகவே தெரிந்துகொண்டே பொய் சொன்னார்கள் என்று சொல்வது கஷ்டம். அந்த வாதம் அவ்வளவு தூரம்தான் போகும்.

சரி, இவ்வளவும் சேர்ந்தால் உங்கள் 80 வீதம் வந்துவிடுமா? எனக்கு அந்தக் கணக்கே பிடிக்கவில்லை, தம்பி. அம்மாவின் கொப்பி அண்ணனை ஏற்றினார்கள் என்பது வரை கொண்டுபோனது. வண்டி திரும்பிய சந்தி வரை கொண்டுபோனது. அதற்கு அங்கால் ஒரு சாட்சியும் இல்லை. அம்மா அங்கே தன் விருப்பத்தை எழுதி நிரப்பவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று குறி சொல்ல வந்தவர்களுக்குக் காசும் கொடுக்கவில்லை, செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போடச் சொன்னவர்களுக்குக் கையெழுத்தும் கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே 2011இல் கண்மூடும்வரை வைத்திருந்தார். அதே அம்மாதான் ஒவ்வொரு இரவும் விளக்கைத் தணித்துவிட்டு முழங்காலில் நின்றார். ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன், இவ்வளவு காலமும் ஒரு பதிலும் தராதவரை எப்படி நம்புகிறீர்கள் என்று. "எனக்கு ஒண்டும் தெரியாதுதான் புள்ள. அவர எனக்குத் தெரியுந்தானே" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. எழும்பிப் போய்ப் பாயை விரித்தார்.

அந்தத் "தெரியும்" டாசிட்டஸைப் படித்து வந்ததல்ல. அப்பா போனபோதும் சூறாவளி வருடத்தில் வீடு போனபோதும் இரவில் யாரிடம் அழுதாரோ அவரோடு வந்த பழக்கம் அது. நாமும் ஒருவரை, அவர் சொல்வதையெல்லாம் சரிபார்த்து முடித்துவிட்டா நம்புகிறோம்? ஆளை நம்புகிறோம் என்றுதான் சொல்கிறோம். ஆதாரத்தில் குறைகிற இடத்தை மூடுவதற்கு எடுக்கிற சாந்து அல்ல விசுவாசம். ஆதாரம் நூறு வீதம் இருந்தாலும் அந்த நம்பிக்கை தனியாகத்தான் வர வேண்டும்.

அதற்காகச் சரித்திரம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே எழுதிவிட்டார். இல்லாத ஒருவரோடு அம்மா நாற்பது வருடம் பேசிக்கொண்டிருந்தார் என்றால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் நானும் இந்த வயதில் ஜோசீபஸைப் படிக்கிறேன். சாட்சிகளைப் பார்த்தேன், குறுக்குக் கேள்வி கேட்டேன், அவர்கள் நிற்கிறார்கள். கல்லறைக்குள் அந்த விடியலில் நடந்ததை எந்தச் சரித்திரக் கருவியாலும் எட்டிப் பார்க்க முடியாது. நான் நம்புகிறேன், அவர் உயிர்த்தார் என்று. மாற்கின் பழைய பிரதிகள் 16:8இல், பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு நிற்கின்றன. அந்தப் பாதி வரியை ஒருமுறை நின்று வாசியுங்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் உங்கள் கேள்விக்குப் பயப்படவில்லை, உங்களை இழந்துவிடுவேனோ என்று பயப்படுகிறார். இந்த மாவட்டத்துத் தாய்மாருக்கு அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அவரோடு வாதாட வேண்டாம். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள். கேள்வியை வைத்துக்கொண்டே இருக்கலாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சுவிசேஷத்தில் ஒரு தகப்பன் இயேசுவிடம் கத்தினான். அவன் பிள்ளை அன்றைக்கே சுகமானது.

ஞாயிறு பாடசாலையை விட வேண்டாம். தோமாவின் பாடத்தை நீங்களே எடுங்கள். எல்லோரும் இயேசுவின் தழும்பிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் யோவான் 20:26இலிருந்து தொடங்குங்கள். மற்றச் சீஷர்கள் உயிர்த்த இயேசுவைக் கண்டு ஒரு கிழமை ஆகிவிட்டது. கண்டால் ஒழிய நம்பமாட்டேன் என்று தோமா முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டான். அந்த எட்டு நாளும் அவன் எங்கே இருந்தான் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வசனத்தில் இருக்கிறது, அவர்களே கண்டுபிடிக்கட்டும்: "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்."

அன்புடன்,
ரீச்சர்