1965 மஸ்டாங் காருக்கு வாங்கிய கலிபோர்னியா கறுப்பு நம்பர் பிளேட் துருப்பிடித்துக் கிடக்கிறது. வீட்டிலேயே பெயின்ட் அடித்துப் புதுப்பிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் பெயின்ட் வாங்குவதற்கு முன்னால், அந்த பிளேட் உங்கள் காருக்குச் செல்லுமா என்று பார்த்துவிடுங்கள்.

கலிபோர்னியாவில் இதுபோன்ற பழைய கார்களுக்கு, அந்தந்த ஆண்டின் பழைய பிளேட்டையே சட்டப்படி மாட்ட 'இயர் ஆஃப் மேனுஃபேக்சர்' திட்டம் இடம் தருகிறது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துள்ள பிளேட் 1963-இல் வந்தது. உங்களுடையது 1965 கார் என்பதால், முன்னுக்கும் பின்னுக்கும் ஜோடியாக பிளேட்டும், 65 என்ற ஆண்டு ஸ்டிக்கரும் வேண்டும். மூன்று எழுத்து, மூன்று எண் என்றிருந்தால் அது கார் பிளேட். ஓர் எழுத்தும் ஐந்து எண்ணும் என்றால் டிரக் பிளேட், அது மஸ்டாங்குக்கு ஆகாது. அந்த எண் இப்போது வேறு வண்டியில் ஓடவில்லை என்று டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். பெயின்ட் அடித்த பிளேட்டை ஏற்பார்கள். நிறம் அசலைப் போலவும் எழுத்து தெளிவாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. முக்கால்வாசி பெயின்ட் நன்றாக இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவினாலே பாதி அழுக்கு போய்விடும். அசல் பெயின்ட்டுக்கு இருக்கும் மதிப்பு எவ்வளவு அழகாக அடித்தாலும் புதுப் பெயின்ட்டுக்கு வராது. உரிந்து, பொருக்கு விட்டு, எண் படிக்க முடியாத பிளேட்டுக்குத்தான் கீழே சொல்லும் வேலை.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரண்டுக்கும் வழி வேறு. பிறகு நல்ல வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுங்கள். போல்ட் வாஷருக்கு அடியிலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் வெயில் படாத அசல் மஞ்சள் தெரியும். உங்கள் நிறத்தை அதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள், வெளுத்துப்போன எழுத்தோடு அல்ல. 65 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுதான் அந்த பிளேட்டில் விலைமதிப்பானது. ஹேர் டிரையரால் சூடாக்கி, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் கொடுத்து மெல்ல அறுத்தெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு அந்த மூலையை மட்டும் கையாலேயே சுத்தம் செய்யலாம்.

நசுங்கலை எடுக்க, முன்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தோல் துண்டின் மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து மரக்கட்டையைக் கொடுத்து கொட்டாப்புளியால் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம், அது தகட்டை இழுத்துவிடும். இழுத்த தகடு குவிந்துகொண்டு நிற்கும். எழுத்துகளுக்கு இடையிலுள்ள சமதளத்தில் மட்டும் தட்டுங்கள். எழுத்தின் உயரம் ஒரு இடத்தில் தாழ்ந்துவிட்டால், பின்னால் ரோலர் அங்கே படாது.

அந்தக் காலத்து மஞ்சள் பெயின்ட்டில் ஈயக் குரோமேட் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978-இல்தான். ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். பென்சைல் ஆல்கஹால் வகை பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விடுங்கள். வேகமாக வேலை செய்த மெத்திலீன் குளோரைடு ரிமூவர்கள் 2019 முதல் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. அலுமினிய பிளேட்டில் காஸ்டிக் சோடா மட்டும் படவே கூடாது. உலோகத்தையே தின்று ஹைட்ரஜன் வாயுவாகப் பொங்கும்.

இரும்பு பிளேட்டில் துரு ஆழமாக இருந்தால் மின்சாரத்தால் துருவை நீக்கும் மின்பகுப்புதான் சிறந்த வழி, ஏனென்றால் நல்ல இரும்பை அது தொடாது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனை பிளேட்டுக்கு, பாசிடிவ் முனை ஒரு பழைய கட்டடக் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிடிவில் கட்டாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். திறந்த வெளியில் 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். மிச்சப் பெயின்ட்டும் உரிந்து வரும், அதனால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். வெளியே எடுத்ததும் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு நிறத் துரு படரும்.

பிரைமர் இரும்புக்கு எபாக்ஸி, அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் செல்ஃப் எட்ச்சிங் வகை. துருக் குழிகளுக்கு ஸ்பாட் பட்டி என்ற நிரப்பும் பசையை மெல்லிதாக இழுத்து, 400 நம்பர் தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எழுத்தின் சரிவில் பட்டி தேங்கினால் எழுத்து மழுங்கிவிடும்.

அடுத்து கறுப்பு. பளபளப்பான எனாமலை பிளேட் முழுக்க, எழுத்து உட்பட, மெல்லிய மூன்று கோட்டாக அடியுங்கள். ஸ்பிரே டப்பாவில் மறு கோட்டுக்குப் போட்டிருக்கும் நேரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து என்றிருக்கும். இடையில் அடித்தால் அடிக்கோட்டு ஊறி, தோல் சுருங்குவதுபோல் சுருங்கும்.

பெரும்பாலான பிளேட்டுகள் கெட்டுப்போவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கறுப்பு இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். பகலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இன்னும் நன்றாக இறுகும். பிளேட்டின் பின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. இவ்வளவு காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மஞ்சள் எழுத்து பிசகினால், இறுகிய கறுப்பின் மேலிருந்து மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்ட துணியால் உடனே துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். இறுகாத கறுப்போ மஞ்சளோடு சேர்ந்தே வந்துவிடும், மொத்த வேலையும் முதலிலிருந்து.

தொழிற்சாலையிலும் எழுத்துக்கு ரோலர்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிரஷால் வரைந்தால் ஓரம் அலைபாயும், ஸ்டென்சில் வைத்தால் சரிவில் கசியும். லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும்) அச்சு போடுகிறவர்கள் வைத்திருக்கும் 4 அங்குலக் கெட்டி ரப்பர் ரோலர் ஒன்று வாங்குங்கள். ஸ்பாஞ்சு ரோலர் எழுத்துகளுக்கு நடுவே அமுங்கிக் கறுப்பில் மஞ்சளைப் பூசும். பெயின்ட்டுக்கு, போர்டு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒன் ஷாட் லெட்டரிங் எனாமல் பொருத்தம். சின்ன டப்பாவே போதும், ஜோடிக்குச் சில தேக்கரண்டிதான் செலவாகும். தின்னர் கலக்காதீர்கள். தேன் பதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கண்ணாடித் துண்டில் அரைத் தேக்கரண்டி விட்டு, ரோலரை முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். முதலில் சளசளவென்று ஈரச் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது மெல்லிய சரசரப்பாக மாறும். அந்தச் சத்தம் வந்ததும் பிளேட்டுக்குப் போங்கள். ரோலரின் எடையே அழுத்தமாக இருக்கட்டும், கையால் அமுக்க வேண்டாம். ஒரே திசையில், நிறுத்தாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டுங்கள். முதல் கோட்டில் கறுப்பு லேசாகத் தெரியும், கவலை வேண்டாம், மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அதிகப் பெயின்ட் எடுத்து ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் எழுத்து பருத்து ஓரத்தில் வழியும். மறுநாள் இரண்டாவது கோட்டு. ரோலர் படாத பள்ளத்தைக் கடைசியில் மெல்லிய பிரஷால் தொட்டு நிரப்புங்கள். ஓர விளிம்பில் மஞ்சள் இருந்ததா என்று முதலில் எடுத்த படத்தைப் பாருங்கள். இல்லையென்றால் உருட்டும் முன் விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள்.

மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு வேண்டவே வேண்டாம். லாக்கர் வகைக் கிளியர் எனாமலைச் சுருட்டிவிடும். சுருட்டாவிட்டாலும், அசலில் இல்லாத கண்ணாடிப் பளபளப்பு பிளேட்டைப் பொம்மைபோல் காட்டும்.

மாட்டுவதற்குப் பத்து நாளாவது பொறுங்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் பிளேட்டின் முன்னும் பின்னும் ஒரு நைலான் வாஷர் போடுங்கள். முன் வாஷர் பெயின்ட் விரிசலைத் தடுக்கும், பின் வாஷர் தண்ணீர் வடிய இடைவெளி விடும். அலுமினிய பிளேட் என்றால் இது கட்டாயம், ஸ்டீல் போல்ட் நேரடியாகத் தொடும் இடத்தில்தான் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். மெழுகு பாலிஷ் ஒரு மாதம் கழித்துப் போட்டால் போதும்.